பாம்பன் தூக்குப் பாலத்தை எடைக்குப் போட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது முதல், பழைய பாலத்தை அகற்றுவது பற்றிய செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன. காட்பாடி வழியாக இராமேசுவரம் போய்வரும் நம் பக்கத்து மக்களுக்கும் அது தெரிந்த பாலம்தான்.

1914-இல் திறந்த அப்பாலத்தின் சாதாரணக் கண்களுக்காக (தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட பகுதிகள்) நாங்கள் எழுதவில்லை. அவற்றில் பெரும்பாலானவை 1964 டிசம்பர் புயலில் கடலுக்குள் போய், 46 நாட்களில் மீண்டும் நிறுத்தப்பட்டவை. கப்பலுக்கு வழிவிட மேலே தூக்கப்படும், ‘ஷெர்சர்’ எனும் உருளும் வகையைச் சேர்ந்த நடுத் தூக்குக் கண்தான் காக்கப்பட வேண்டியது. இறக்கைகள் எனப்படும் அதன் இரண்டு பாதிகளும் அச்சில் சுழல்பவை அல்ல. இறக்கையின் அடியிலுள்ள வளைந்த கர்டர் (இரும்பு உத்தரம்), தட்டையான இரும்புப் பாதைமேல் பின்னோக்கி உருளும். அப்படி உருளும்போதே நுனி மேலே எழும்பி, கப்பல் வழியை விட்டு விலகியும் விடும். பின்பக்கம் எதிர் எடை சமன் செய்வதால்தான், நூற்றுக்கணக்கான டன் இரும்பை ஆட்கள் கைப்பிடியால் பல்சக்கரத்தைச் சுற்றியே தூக்க முடிந்தது.

ஆகவே கர்டரை மட்டும் எடுத்து நிறுத்தினால் பயனில்லை. வளைந்த கர்டர், உருளும் பாதை, எதிர் எடை, பல்சக்கரங்கள் நான்கும் சேர்ந்திருந்தால்தான் அது தூக்குப் பாலம். வேலூர்க் கோட்டையில் அகழியைத் தூர்த்துவிட்டு மதிலை மட்டும் வைத்திருந்தால் என்ன புரியும்?

பிரிக்கும் வரிசையும் முக்கியம். நுனிப்பக்க இரும்பை முதலில் கழற்றினால் எதிர் எடையின் பாரத்தில் இறக்கை பின்னால் உருண்டுவிடும். முட்டுக் கொடுத்துப் பூட்டி, எதிர் எடையையும் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இணைப்புகளை கேஸ் வைத்து வெட்டக் கூடாது. தகடு சூட்டில் நெளிந்தால் மறுபடி பொருந்தாது. தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகளை நீக்கித் துளையிட்டு எடுத்து, ஒவ்வொரு உறுப்புக்கும் எண் அடித்துப் படம் பிடிக்க வேண்டும்.

உப்புதான் பெரிய பகை. இரண்டு தகடுகளுக்கு நடுவே புகுந்த துரு உப்பி, ரிவெட்டையே தெறிக்க வைக்கும். மேலே பெயின்ட் அடித்தால் அது நிற்காது. முதலில் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, துருவைச் சுரண்டி, துத்தநாகப் பிரைமர் பூசி, இடுக்குகளை அடைக்க வேண்டும். மழைநீர் தேங்கும் குழிவுகளுக்கு வடிகால் துளை வேண்டும்.

இரண்டு இறக்கைகளையும் காக்க முடியாதென்றால் ஓர் இறக்கையையாவது முழுதாக, மண்டபம் ஊர்ப் பக்கத்து நிலத்தில், பாதி தூக்கிய நிலையில் நிறுத்தலாம். எதிர் எடைக்கு ஏற்ற அஸ்திவாரமும் காற்றைத் தாங்கும் கட்டுமானமும் அவசியம். பராமரிப்புக்கான நிதியையும் இப்போதே ஒதுக்க வேண்டும். ஒப்பந்த நிபந்தனைகளில் இவற்றைச் சேர்த்த பிறகே ரயில்வே வேலையைத் தொடங்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே பாலப் பணியாளர்கள்,
காட்பாடி, வேலூர்.