அபிலேஷன் கணக்கு அறுபதாம் நாளில்தான் முடிகிறது: தேசிய சுகாதார ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத்தாருக்கு,

வணக்கம். ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை (கதீட்டர்) இதயத்துக்குள் செலுத்தி, துடிப்புக் கோளாறுக்குக் காரணமான இடத்தைச் சுட்டு அடக்குவது கதீட்டர் அபிலேஷன். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் அதற்குப் பணம் கேட்டு மருத்துவமனைகளிலிருந்து வரும் கோரிக்கைகளை உங்கள் கணினி எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த எண்ணை மட்டும் பார்த்து, இச்சிகிச்சை நாட்டில் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, எவ்வளவு பத்திரமாக நடக்கிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

முதல் கோளாறு பெயரிலேயே இருக்கிறது: அபிலேஷன் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு வேலைகள் அடங்குகின்றன. ஏ.வி.என்.ஆர்.டி. என்ற வேகத்துடிப்புக்குத் தொடைச் சிரை வழியாக மூன்று நான்கு கதீட்டர்கள் போதும். மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கடத்தும் ஏ.வி. கணு இருக்கும் கோக் முக்கோணம் என்ற பகுதியின் அடியில் 4 மி.மீ. முனையை வைத்துச் சூடு கொடுக்கிறோம். 100 பேரில் 95க்கு மேல் குணமாகிறார்கள். சூட்டின்போது ஜங்ஷனல் துடிப்பு (அந்தக் கணுவருகே பிறக்கும் துடிப்பு) வந்தால் இடம் சரி. அத்துடிப்பு மேலறைக்கு ஏறாமல் நின்றால் அந்த நொடியே சூடு கொடுக்கும் மிதியிலிருந்து காலை எடுக்க வேண்டும். தாமதித்தால் நிரந்தர ஏ.வி. பிளாக் (கணுவின் கடத்தல் அறுந்துபோவது), அப்புறம் பேஸ்மேக்கர்.

மேலறைகள் ஒழுங்கின்றிப் படபடக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்குச் செய்வது முற்றிலும் வேறு வேலை. மேலறைத் தடுப்பைத் துளைத்து இடப்பக்கம் போக வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைக் கொடுத்து, ரத்தம் உறைய ஆகும் நேரத்தை (ஏ.சி.டி.) 300 விநாடிக்கு மேல் கடைசிவரை வைத்திருக்க வேண்டும். நுரையீரல் சிரைகள் ஒவ்வொன்றையும் சுற்றி மின்தொடர்பை அறுக்க வேண்டும். ஏறத்தாழ நூறில் ஒருவருக்கு இதய உறைக்குள் ரத்தம் கசிகிறது. எக்கோவும் ரத்தத்தை உறிஞ்சி எடுக்கும் ஊசித்தட்டும் அதே அறையில் இல்லாத இடத்தில் இதைத் தொடங்கவே கூடாது. இவ்விரண்டும் ஒரே வரியில் கூட்டப்பட்டால், எளிய கேஸ்களை நிறையச் செய்யும் மருத்துவமனை கடினமான கேஸ்களிலும் தேர்ந்ததாகத் தெரியும்.

இரண்டாவது கோளாறை அமெரிக்கா நமக்கு முன்பே பட்டுவிட்டது. 2000 முதல் 2010 வரை அங்கே உள்நோயாளிகளாக ஃபிப்ரிலேஷன் அபிலேஷன் செய்துகொண்ட 93,801 பேரின் தரவு 2013இல் வெளியானது: சிக்கல்கள் 6.29 சதவீதம், மருத்துவமனையிலேயே இறப்பு 0.46 சதவீதம். ஆண்டுக்கு 25க்குக் குறைவாகச் செய்யும் மருத்துவர்களிடமும் 50க்குக் குறைவாகச் செய்யும் மருத்துவமனைகளிலும் சிக்கல்கள் கூடுதல். பயனுள்ள செய்திதான். ஆனால் உள்நோயாளி ஏடு அன்றே வீடு திரும்புகிறவரைப் பார்ப்பதில்லை. லேசான கேஸ்கள் ஏட்டிலிருந்து நழுவ நழுவ, எஞ்சியவற்றின் சிக்கல் விகிதம் தானாகவே ஏறித் தெரியும். மருத்துவம் கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருளல்ல. டிஸ்சார்ஜோடு முடிகிற நம் கோரிக்கைத் தரவுக்கும் இதே நோய்தான்.

அதைவிட மோசமானது, மிகக் கொடிய சிக்கல் டிஸ்சார்ஜுக்குப் பிறகே வருகிறது என்பது. இடது மேலறையின் பின்சுவரை ஒட்டியே உணவுக்குழாய் ஓடுகிறது. சூட்டுக்காயம் இரண்டையும் துளைத்து இணைத்துவிட்டால் காய்ச்சல், விழுங்கும்போது வலி, பக்கவாதம். 2023இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் 5.5 லட்சம் சிகிச்சைகளில் 138 பேருக்கு இது வந்தது. அறிகுறி தொடங்கியது நடுவளவாக 18ஆம் நாளில். மூவரில் இருவர் இறந்தார்கள். அந்நேரம் நோயாளி ஊரில் இருப்பார். காய்ச்சலென்று வேறு மருத்துவமனையில் சேர்ந்தால் உங்கள் கணினிக்கு அது தொடர்பில்லாத இன்னொரு கோரிக்கை.

மேலை நாட்டு வளர்ச்சி வேகத்தை இலக்காக வைப்பதும் சரிவராது. இந்தியன் ஹார்ட் ரிதம் சொசைட்டியின் பதிவேட்டில் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ருமாட்டிக் வால்வு நோய் (வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெடுவது). சராசரி வயது 55ஐத் தொடவில்லை. சுருங்கிய மைட்ரல் வால்வை விட்டுவிட்டுச் சிரைகளைச் சுட்டுப் பலனில்லை. அவர்களுக்கு முதலில் வேண்டியது வால்வு சிகிச்சையும் ரத்த உறைவுத் தடுப்பு மருந்தின் அளவு சரியா என்று பார்க்கும் ஒழுங்கான ஐ.என்.ஆர். சோதனையும்.

ஆகவே, கோரிக்கைப் படிவத்தில் சில கட்டங்கள் சேருங்கள்: எந்தத் துடிப்புக் கோளாறு, தடுப்பைத் துளைத்தார்களா, ஏ.சி.டி. எவ்வளவு, எக்ஸ்ரே எத்தனை நிமிடம், கதீட்டர் புதிதா, மறுபயன்பாடா, எத்தனையாவது முறை. கடைசிக் கேள்வி பலருக்குக் கசக்கும். ஒருவருக்குப் பயன்படுத்திய கதீட்டரை எத்திலீன் ஆக்ஸைடு வாயுவில் கிருமிநீக்கி மறுபடி பயன்படுத்துவது ஊரறிந்த ரகசியம். முனையைக் குளிர்விக்க உப்புநீர் ஓடும் கதீட்டரில் நுண்துளை அடைத்தால் முனை சூடேறி ரத்தம் கருகிக் கட்டியாகும். கட்டி மூளைக்குப் போகும். தண்டனை என்றால் எல்லோரும் 'புதியது' என்றே எழுதுவார்கள். பதிவு மட்டும் கேளுங்கள்.

அறுபதாம் நாளில் ஒரு தொலைபேசி விசாரிப்பு கட்டாயமாகட்டும். அதற்காகப் பணத்தை நிறுத்திவைக்க வேண்டாம். வைத்தால் எல்லாப் படிவமும் 'நலம்' என்றே வரும். விசாரிப்புக்கெனச் சிறு தொகையைத் தனியே கொடுங்கள்.

செலவில்லாத ஒன்றும் உண்டு. ஃபிப்ரிலேஷன் அபிலேஷன் செய்துகொண்டவரின் டிஸ்சார்ஜ் அட்டையில் அவரவர் மொழியில் பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லுங்கள்: 'இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோ விழுங்கும்போது வலியோ வந்தால் உடனே மார்பு சி.டி. ஸ்கேன். எண்டோஸ்கோப்பி செய்யக் கூடாது.' உள்ளே ஊதும் காற்று துளை வழியாக இதயத்துக்குள் போய்விடும்.

இப்படிக்கு,
இதய மின்னியல் ஆய்வகங்களில் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர், தொழில்நுட்பர்கள்