மொட்டை மாடி நம் எல்லாருடைய கூரை: குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்க நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஐப்பசியில் ஒரு விடியற்காலை என் படுக்கையறைக் கூரையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது. விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி தலைவைத்துப் படுத்திருந்த இடம் அது. முந்தின நாள் மாலைதான் அவள் ஊருக்குப் புறப்பட்டிருந்தாள். விழுந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஆனி மாதம் அடித்த வெள்ளைப் பெயின்ட். மறுபக்கம் செங்காவி நிறத்தில் கம்பியின் தடம். அந்தத் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை முக்கி எடுத்தபோதுதான் கூரையில் முதல் ஈரத்தைப் பார்த்தேன். அப்போது ஒரு தட்டளவு கறை. அதன் பிறகு இரண்டு முறை பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தாயிற்று. ஒரு முறை சங்கத்தின் செலவில், ஒரு முறை என் செலவில். இரண்டுமே வீண். ஈரம் இருக்கும் பூச்சின்மேல் பெயின்ட் அடித்தால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயின்ட்டைத்தான் தள்ளிக்கொண்டு வரும். சுவர் காய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு முழம் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி, மறுநாள் பிரித்துப் பார்த்தால் போதும். நான் ஒட்டினேன். உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. இரண்டாவது முறை பெயின்ட் அடிக்கும் முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். அப்போது எனக்குத் தெரியவில்லை.

"மேல்மாடி வீட்டுப் பிரச்சினையை மேல்மாடிக்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று சென்ற கூட்டத்தில் பேசப்பட்டது. சொன்னவர்மேல் எனக்கு வருத்தமில்லை. தரைத்தளத்தில் இருப்பவருக்கு ஓதம் கண்ணில் படாது. ஆனால் நம் பத்திரத்தில் மொட்டை மாடி பொது இடம் என்றுதான் எழுதியிருக்கிறது. அங்கே எல்லாரும் துணி காயப்போடுகிறோம், வடாம் பிழிகிறோம். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அந்த மாடியின் தண்ணீரைத்தான் குழாய் வைத்துக் கீழே இறக்கினோம். இப்போது இரண்டாம் மாடியில் ஒரு வீட்டின் சமையலறைச் சுவரிலும் உப்புப் பூக்கத் தொடங்கிவிட்டது. தண்ணீர் சுவர் வழியே கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது.

பயப்பட வேண்டியது கறைக்கு அல்ல, கம்பிக்கு. துருப்பிடித்த இரும்பு, தான் முன்பு இருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். கான்கிரீட்டுக்குள் அந்த இடம் ஏது? அதனால்தான் விரிசல் விடுகிறது, காரை விழுகிறது. விரிசல் வழியே இன்னும் தண்ணீர் போகிறது, இன்னும் துரு ஏறுகிறது. மின்விசிறிக் கொக்கி வழியாகவும் ஒரு நாள் சொட்டியது. அன்று இரவு முழுக்க அந்த அறையின் மின் இணைப்பை அணைத்து வைத்திருந்தேன்.

மாடிக்குப் போய் நான் பார்த்ததைச் சொல்கிறேன். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டையான ஓடு பதித்த பழைய தளம் நம்முடையது. அந்தக் காலத்து நல்ல வேலை. ஆனால் ஓடுகளின் இணைப்புகள் பல இடங்களில் வாய் பிளந்திருக்கின்றன. டிஷ் ஆன்டெனாவுக்காகத் துளையிட்ட இடங்களில் துருப்பிடித்த போல்ட்டுகள் அப்படியே நிற்கின்றன. வடகிழக்கு மூலையில் யாரோ சிமென்ட் பூசி மேடாக்கிவிட்டதால் தண்ணீர் வழிந்தோடும் வாட்டம் கெட்டு, மழை நின்று இரண்டு நாளாகியும் தண்ணீர் தேங்கி நிற்கிறது. மழைநீர்க் குழாயின் வாயருகே ஓர் அரசங்கன்று. பிடுங்கியபோது வெளியே சாண் உயரம்தான். உள்ளே வேர் ஒரு முழம்.

நான் கேட்பது இதுதான். பெயின்ட்டுக்கு ஒரு ரூபாய்கூட இப்போது வேண்டாம். முதலில் மேலே வேலை நடக்கட்டும். பெயர்ந்த ஓடுகளை எடுத்து, வாட்டம் சரிசெய்து, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை உருட்டிப் பூசி, அதன்பிறகு நீர்த்தடுப்புப் பூச்சு. முடிந்ததும் குழாய் வாயை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு முன் ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையைத் தரக் கூடாது. கூரையில் சொட்டும் இடமும் மேலே தண்ணீர் புகும் இடமும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே என் வீட்டுக்கு மேலே மட்டும் ஒட்டுப் போடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். கீழே கம்பியின் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூசி, பூச்சு வேலை செய்யும் செலவில் என் பங்கை நான் தருகிறேன்.

இது சித்திரை. தளம் நன்றாகக் காய்ந்திருக்கும் காலம் இதுதான். ஐப்பசி அடைமழை வந்தபின் எந்தப் பூச்சும் பிடிக்காது.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு மாடிச் சாவியை வாங்கி வைத்திருப்பேன். மேலே பார்த்துவிட்டு என் வீட்டுக்கும் வாருங்கள். ஏணி போட்டு வைக்கிறேன், அந்தக் கம்பியை ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடியில் குடியிருக்கும் உறுப்பினர்