கிளாஸ்கோவா, கார்டிஃபா? தங்கச்சிக்கு ஒரு கடிதம்

கிளாஸ்கோ
12 ஏப்ரல் 2026

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நான் இங்கே சுகம். அப்பா, அம்மை, ஆச்சி எல்லாரையும் கேட்டதாகச் சொல். விஷு வருகிறது. கொன்றைப்பூ இங்கே கிடையாது. ரோட்டோரப் புல்லில் மஞ்சள் டாஃபடில் கொத்துக்கொத்தாகப் பூத்து நிற்கிறது, கணித் தட்டில் அதை வைக்கலாம் என்றிருக்கிறேன்.

சைக்காலஜி இளங்கலைக்கு இடம் தருவதாகக் கார்டிஃப், கிளாஸ்கோ பல்கலைக்கழகங்கள் உனக்கு எழுதி, நீ அனுப்பிய இரண்டு ஆஃபர் கடிதங்களையும் வாசித்தேன். போனில் பேசினால் ஏதாவது முக்கியமானது விட்டுப்போகும், அதனால் எழுதிவிடுகிறேன். அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்து வாசி.

முதலில் ரேங்க் பட்டியலை மூடி வை, மக்களே. கார்டிஃப், கிளாஸ்கோ இரண்டுமே நல்ல பல்கலைக்கழகம்தான். ஒரு பட்டியலில் இது மேலே, இன்னொன்றில் அது மேலே. அதை வைத்து முடிவெடுக்க ஒன்றுமில்லை. இந்த இரண்டு பட்டங்களும் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன, எந்த இடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள் என்பதுதான் நீ பார்க்க வேண்டியது.

இங்கே சைக்காலஜி பட்டம் வாங்கிய கையோடு யாரும் சைக்காலஜிஸ்ட் ஆகிவிடுவதில்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட், எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட் போன்ற பெயர்களை ஹெச்.சி.பி.சி. என்ற அமைப்பின் பதிவேட்டில் இருப்பவர்கள் மட்டும்தான் போட்டுக்கொள்ளலாம். 2009 முதல் சட்டம் அப்படி. அந்தப் பதிவேட்டில் ஏறப் பட்டத்துக்கு மேலே இன்னும் பல வருடப் பயிற்சி வேண்டும். கிளினிக்கல் என்றால் மூன்று வருட முனைவர் படிப்பு. அதற்கு விண்ணப்பம் போடவே ஜி.பி.சி. என்ற அடிப்படைத் தகுதி கையில் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் சைக்காலஜிக்கல் சொசைட்டி அங்கீகரித்த ஹானர்ஸ் என்ற சிறப்புப் பட்டமும், அதில் குறைந்தது 'டூ-டூ', அதாவது 50 சதவீத வகுப்பும், சைக்காலஜியில் தரவு எடுத்துச் செய்த ஆய்வுத் திட்டத்தில் தேர்ச்சியும் இருந்தால்தான் ஜி.பி.சி. கிடைக்கும். மற்றப் பாடங்களில் எவ்வளவு வாங்கினாலும் ஆய்வுத் திட்டத்தில் தவறினால் அது போய்விடும்.

அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு அல்ல, படிப்புக்கு. சொசைட்டியின் தளத்தில் உன் ஆஃபரில் இருக்கிற படிப்பின் பெயர் அட்சரம் பிசகாமல் அப்படியே இருக்கிறதா என்று பார். ஒரே துறையில் 'சைக்காலஜி' என்று ஒன்று, 'சைக்காலஜியும் வேறொரு பாடமும்' என்று இன்னொன்று இருக்கும். இரண்டாவதில் ஆய்வுத் திட்டத்தை மற்றப் பாடத்தில் செய்துவிட்டு, பட்டம் வாங்கிய பிறகு ஜி.பி.சி. இல்லை என்று தெரிந்து தவிப்பவர்கள் உண்டு.

இனி இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம். கார்டிஃப் இருப்பது வேல்ஸில். அங்கே மூன்று வருடம், முதல் நாளிலிருந்தே சைக்காலஜி, சேரும்போதே ஹானர்ஸ். கிளாஸ்கோ இருப்பது ஸ்காட்லாந்தில். இங்கே நான்கு வருடம். முதல் வருடம் சைக்காலஜியோடு வேறு இரண்டு பாடங்களும் எடுக்க வேண்டும். தத்துவமோ சமூகவியலோ கணினியோ, உன் விருப்பம். இரண்டாம் வருடம் முடிந்ததும் ஒரு வாசல் இருக்கிறது. சைக்காலஜியில் அவர்கள் கேட்கும் கிரேடு எடுத்தவர்களைத்தான் மூன்றாம், நான்காம் வருட ஹானர்ஸுக்குள் விடுவார்கள். எடுக்காவிட்டால் வேறு பாடத்துக்கு மாறலாம், இல்லாவிட்டால் மூன்று வருடத்தோடு ஹானர்ஸ் இல்லாத பட்டம் வாங்கிக்கொண்டு போகலாம். அந்தப் பட்டத்துக்கு ஜி.பி.சி. கிடையாது.

இந்த வாசலைப் பற்றி எந்த ஏஜென்ட்டும் வாய் திறக்க மாட்டார். நாகர்கோவிலில் 'எங்கள் சேவை இலவசம்' என்று போர்டு வைத்திருப்பவர்களுக்குப் பல்கலைக்கழகமே கமிஷன் கொடுக்கிறது. பிள்ளையைச் சேர்த்துவிடுவதோடு அவர்கள் வேலை முடிந்தது. நீயே துறைக்கு மெயில் போட்டு, ஹானர்ஸுக்குள் போக என்ன கிரேடு வேண்டும், அது முதல் முயற்சியிலேயே வேண்டுமா, மறுதேர்வில் எடுத்தாலும் சரியா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேள். பதில் எழுத்தில் இருக்கட்டும்.

அதற்காகக் கிளாஸ்கோ முறை மோசம் என்று சொல்லவில்லை. பதினெட்டு வயதில் மனசு உறுதிப்படாத பிள்ளைக்கு அது பெரிய வசதி. சைக்காலஜி என்று வந்துவிட்டு, முதல் வருடத்திலேயே மனசு சமூகவியலுக்குப் போனால் ஆண்டு வீணாகாமல் மாறிக்கொள்ளலாம். கார்டிஃபில் அப்படி மாறுவது கடினம். நீ பிளஸ் டூவில் சைக்காலஜி படித்ததில்லை. ஆனால் இரண்டு வருடமாக இதே பேச்சாகத்தான் இருக்கிறாய். அந்த உறுதி உண்மை என்றால் மாறும் வசதிக்காக ஒரு வருடக் கட்டணம் கூடக் கட்டத் தேவையில்லை.

உறுதி உண்மையா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். சைக்காலஜி என்றால் எதிரில் ஒருவரை உட்கார வைத்து மனக்குறை கேட்பது என்றுதான் நம்மூரில் நினைப்பு. பட்டப் படிப்பில் அது கிட்டத்தட்ட இல்லை. மூளையும் உடலும், அறிதல், வளர்ச்சி, சமூகம், ஆளுமை வேறுபாடுகள், இவற்றோடு ஆய்வு முறையும் புள்ளியியலும். கடைசியாகச் சொன்ன இரண்டும் எல்லா வருடமும் கூடவே வரும். கிளாஸ்கோவில் 'ஆர்' என்ற நிரல்மொழியில்தான் தரவு ஆய்வு சொல்லிக்கொடுக்கிறார்கள், அதுவும் முதல் வருடத்திலிருந்தே. அந்தத் துறையின் பாடப் புத்தகங்கள் 'சைடீச்ஆர்' என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன.

இந்த லீவில் இதைச் செய்து பார். 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் எழுது, 'பச்சை'யைச் சிவப்பு மையில். இப்படி இருபது சொல். இன்னொரு தாளில் சொல்லும் மையும் ஒன்றாக இருக்கும் இருபது. எழுத்தை வாசிக்காமல் மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொல்லி, வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் பத்துப் பேரிடம் போன் ஸ்டாப்வாட்ச் வைத்து நேரம் குறி. ஸ்ட்ரூப் என்பவர் 1935இல் வெளியிட்ட சோதனையின் ஒரு வடிவம் இது. பாதிப் பேருக்கு முதல் தாளை முதலில் கொடு, பாதிப் பேருக்கு இரண்டாவதை முதலில். இல்லாவிட்டால் பழக்கத்தால் வேகம் கூடியதா, சொல்லும் மையும் ஒத்துப்போனதால் கூடியதா என்று பிரிக்க முடியாது. ஆச்சிக்கு மட்டும் மூன்று மடங்கு நேரம் ஆகும். அது கண்ணாடி போடாததாலா, வாசிப்புப் பழக்கத்தாலா, வயதாலா? அந்த ஒரு எண்ணைக் கணக்கில் வைப்பதா நீக்குவதா, நீக்கினால் என்ன காரணம் எழுதுவது? பிறகு 'ஆர்' நிறுவி அந்த இருபது எண்களையும் அதில் ஏற்று. ஒரு கமாவை விட்டுவிட்டால் சிவப்பு எழுத்தில் பிழை வரும், அரை மணி நேரம் தேட வைக்கும். அந்தத் தேடல் உனக்குப் பிடித்திருந்தால் இந்தப் படிப்பு உனக்கு ஆகும். கசந்தால் இப்போதே சொல்லிவிடு, ஒன்றும் குடி முழுகிப் போகாது.

கார்டிஃபில் கியூப்ரிக் என்ற மூளைப் படப்பிடிப்பு மையம் இருக்கிறது. 2016இல் ராணி எலிசபெத் திறந்துவைத்தது. ஐரோப்பாவிலேயே பேர்பெற்ற ஸ்கேனர்கள் அங்கே உண்டு. அதன் படத்தைப் பார்த்து மயங்காதே. அது பெரும்பாலும் ஆய்வாளர்களின் இடம், இளங்கலைப் பிள்ளைகள் தினமும் கை வைப்பதில்லை. அதைவிட உனக்குப் பயன்படுவது அங்கே உள்ள பிளேஸ்மென்ட் வருடம். இரண்டாம் வருடம் முடித்து ஒரு வருடம் மருத்துவமனையிலோ பள்ளியிலோ ஆய்வகத்திலோ வேலை பார்த்துவிட்டுக் கடைசி வருடத்துக்குத் திரும்பலாம். பிறகு உதவி சைக்காலஜிஸ்ட் வேலைக்கோ மேற்படிப்புக்கோ போகும்போது முதலில் கேட்பது அனுபவத்தைத்தான். ஆனால் பெரும்பாலும் சம்பளம் இருக்காது. அந்த வருடக் கட்டணம் எவ்வளவு, வெளிநாட்டு மாணவருக்கு இடம் தேடித் தருவார்களா, நடுவில் அதில் சேர்ந்தால் விசாவை நீட்ட வேண்டுமா, மூன்றையும் கேட்டுக்கொள்.

இனி அப்பாவுக்கான பகுதி. கட்டணம் மட்டும் கணக்கல்ல. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது மருத்துவ வரி வருடத்துக்கு 776 பவுண்டு, விசாக் காலம் முழுவதற்கும் மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டும். கிளாஸ்கோ என்றால் அதிலும் ஒரு வருடம் கூடுதல். முதல் வருடக் கட்டணத்தில் பாக்கியும், ஒன்பது மாதச் செலவுக்கு 10,539 பவுண்டும் வங்கியில் காட்ட வேண்டும். லண்டனுக்கு வெளியே எங்கே படித்தாலும் இதுதான் அளவு. அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள்கூட அந்த அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது. பவுண்டு மதிப்பு ஏறினால் ரூபாயில் சரியாக இருந்த தொகை குறைந்துவிடும், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே போட்டு வையுங்கள். நகைக்கடன் எடுத்துப் போடுவதாக இருந்தால் 28 நாளை எண்ணிக்கொண்டு முன்கூட்டியே எடுக்க வேண்டும்.

நம்மூர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது இன்னொரு இடத்தில். துபாயில் இருக்கும் மாமா கணக்கில் பணம் இருக்கிறது என்று காட்டினால் செல்லாது. உன் கணக்கு, இல்லாவிட்டால் அப்பா அம்மை கணக்குதான் செல்லும். அப்பா கணக்கு என்றால் உன் பிறப்புச் சான்றிதழும் அவருடைய சம்மதக் கடிதமும் வேண்டும். மாமா தருவதாக இருந்தால் அப்பா கணக்குக்கு மாற்றி, அங்கே 28 நாள் கிடக்கட்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், மார்க் லிஸ்டில் இனிஷியல் மட்டும், பிறப்புச் சான்றிதழில் அம்மை பெயருக்கு ஒரு எழுத்து வேறு. இதை இப்போதே ஒத்துப் பார்த்துத் திருத்தி வையுங்கள், ஆகஸ்டில் ஓடாதீர்கள். காசநோய்ப் பரிசோதனையை அவர்கள் அங்கீகரித்த மருத்துவமனையில்தான் எடுக்க வேண்டும். நாகர்கோவிலில் எடுத்த எக்ஸ்ரே உதவாது. சென்னையிலோ கொச்சியிலோ எடுக்கலாம், சான்றிதழ் ஆறு மாதம் செல்லும்.

நீ விண்ணப்பம் போட்ட யூகாஸ் என்ற சேர்க்கைத் தளத்தில் இரண்டு ஆஃபரை வைத்துக்கொள்ளலாம். ஒன்று முதல் தேர்வான 'ஃபர்ம்', இன்னொன்று 'இன்ஷூரன்ஸ்'. ஃபர்முக்குக் கேட்ட மார்க் வந்துவிட்டால் நீ தானாகவே அங்கே சேர்ந்துவிடுவாய், ரிசல்ட் வந்த பிறகு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்று நினைத்துவிடாதே. இன்ஷூரன்ஸ் என்பது மார்க் குறைந்தால் விழாமல் பிடிக்கும் கயிறு. அதற்குக் கேட்கும் மார்க் ஃபர்மைவிடக் குறைவாக இருந்தால்தான் பயன். இரண்டு கடிதத்திலும் சதவீதத்தையும், எந்தப் பாடத்தில் எவ்வளவு என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டுப் பார். டெபாசிட் கட்டுமுன், விசா கிடைக்காவிட்டால் அது திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்.

படித்து முடித்து இங்கே வேலை தேட இப்போது இரண்டு வருடம் தருகிறார்கள். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது பதினெட்டு மாதம்தான், உனக்கும் அதுவே. கிளினிக்கல் முனைவர் படிப்பில் அரசுச் செலவில் கிடைக்கும் இடங்கள் பெரும்பாலும் உள்நாட்டுத் தகுதி உள்ளவர்களுக்கே போகின்றன. அதனால் ஊருக்குத் திரும்பும் வழியையும் யோசித்து வை. இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகப் பதிவு செய்ய ஆர்.சி.ஐ. என்ற மத்திய அரசு அமைப்பு அங்கீகரித்த படிப்பு வேண்டும். இத்தனை காலம் அது எம்.ஃபில். அந்தச் சேர்க்கைக்கு யு.ஜி.சி. 2025-26 வரைதான் நீட்டிப்புக் கொடுத்தது, முறையே மாறுகிறது. இங்கத்திய இளங்கலையை அடித்தளமாக வைத்து மேற்படிப்பை ஊரில் செய்யலாம். அதற்கும் மூன்று வருடத்தில் முடிப்பதே கைக்கு லாபம்.

ஊர் எப்படி என்று அம்மை கேட்பார்கள். கிளாஸ்கோவில் மழை நம்ம ஆடிச் சாரல் மாதிரி, ஆனால் வருடம் முழுக்க, குளிரோடு. டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். கார்டிஃப் தெற்கே இருப்பதால் கொஞ்சம் வெளிச்சம் கூடுதல். தேங்காய் எண்ணெய் பாட்டிலில் எப்போதும் கட்டியாகத்தான் இருக்கும், வெந்நீரில் நிறுத்தித்தான் ஊற்ற வேண்டும். அயலை மலிவாகக் கிடைக்கும், மரச்சீனி ஆப்பிரிக்கக் கடைகளில் உறைந்த துண்டாகக் கிடைக்கும். கொடம்புளி மட்டும் ஊரிலிருந்து கொண்டு வா. நாகர்கோவிலுக்கு முக்கடல் அணை மாதிரி இந்த ஊருக்கு லாக் கேட்ரின் ஏரி, தண்ணீர் அவ்வளவு ருசி. ஸ்காட்லாந்தில் 22 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு பஸ் இலவசம், அது வேல்ஸில் கிடையாது. மருந்துச் சீட்டுக்கு இரண்டு இடத்திலும் காசில்லை.

நீ கிளாஸ்கோவுக்கு வந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தேவையில்லை. அதைக் கணக்கில் சேர்க்காதே. என் கணக்கில் கார்டிஃப்தான் ஃபர்ம். கிளாஸ்கோ கேட்கும் மார்க் குறைவு என்றால் மட்டும் அதை இன்ஷூரன்ஸாக வை. ஸ்ட்ரூப் சோதனை முடிந்து மனசு ஆடினால் இதைத் திருப்பிப் போடலாம். பதில் சொல்லக் கடைசி நாள் எது என்று உன் யூகாஸ் கணக்கில் பார்த்துக்கொள்.

பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், பத்தாம் வகுப்பு மார்க் லிஸ்ட், பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் ஸ்கேன் எடுத்து இந்த வாரமே அனுப்பு. பெயர்களை நானும் ஒருமுறை ஒத்துப் பார்க்கிறேன். ஆச்சியின் ஸ்டாப்வாட்ச் நேரத்தையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
அண்ணன்