கோபி வாசகர் வட்டமும் ஜப்பான் நாற்காலியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் திருப்பூர் அன்பர் ஒருவர், நூலக வாசகர் வட்டங்களில் 'ஜப்பான்காரன் காபிக்கடைக் கதை'யைப் பேசிப் பொழுதை ஓட்டுகிறார்கள், நம் மண்ணின் நாவல்களோ தூசி படிந்து கிடக்கின்றன என்று வருத்தப்பட்டிருந்தார். அவர் சொன்ன கூட்டம் எங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் வேறு யாரும் அந்தக் கதையைப் பேசியதாக நான் கேள்விப்படவில்லை. நான் கோபியில் இருப்பவள், கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். அன்பர் பற்றை மட்டும் எழுதி வரவை விட்டுவிட்டார், அதனால்தான் இந்தக் கடிதம்.

நாவலை அவர் படித்ததாகத் தெரியவில்லை. எழுதியவர் தோஷிகாசு கவாகுச்சி, நாடகக்காரர். முதலில் மேடையில் போட்ட கதையை 2015இல் நாவலாக்கினார். 2019இல் 'பிஃபோர் த காஃபி கெட்ஸ் கோல்ட்' என்று ஆங்கிலத்துக்கு வந்தது. டோக்கியோவில் ஒரு சந்தில், தரைக்குக் கீழே, நூறு வருஷத்துக்கு மேல் பழைய காபிக்கடை. அதில் குறிப்பிட்ட ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் போன காலத்துக்குப் போய் வரலாம், வருங்காலத்துக்கும் போகலாம். ஆனால் அதற்கு உள்ள நிபந்தனைகளைப் பார்த்தால் எங்கள் சங்கத்துத் துணை விதிகளே தேவலை. அந்தக் கடைக்கு எப்போதாவது வந்து போனவர்களை மட்டும்தான் பார்க்க முடியும். நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. ஊற்றிய காபி ஆறுவதற்குள் குடித்து முடித்துத் திரும்பிவிட வேண்டும். நாற்காலியில் ஏற்கெனவே ஒரு பேய், வெள்ளை உடுப்புப் போட்ட பொம்பளை, புத்தகம் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அது நாளைக்கு ஒரு தடவை பாத்ரூமுக்கு எழுந்து போகும்போதுதான் இடம் கிடைக்கும். நம்மூர்ப் புளியமரத்துப் பேய்கள் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டதில்லை. எல்லாவற்றுக்கும் மேலான நிபந்தனை ஒன்று: அங்கே போய் என்ன செய்தாலும் இன்றைக்கு இருக்கிற நிலைமை மாறாது.

எங்களிடம் இருந்தது ஒரே ஆங்கிலப் பிரதி. கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி அதைப் படித்துவிட்டு வந்து தமிழில் கதையாகச் சொன்னாள். நான் பிறகு வாங்கிப் போய் மெதுவாகப் படித்தேன். அவள் அந்தக் கடைசி நிபந்தனையைச் சொல்வதற்கு முன்னாலேயே ஆம்பளைகள் எல்லாரும் போன காலத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒருவர் கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் ரெண்டு ஏக்கர் வாங்கிப் போட்டிருப்பாராம். இன்னொருவர் மஞ்சள் விவசாயி. 2010இல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியபோது இன்னும் ஏறும் என்று இருப்பு வைத்தவர், அந்த வருஷத்துக்குப் போய் மூட்டையை எல்லாம் தள்ளிவிட்டு வந்துவிடுவாராம். 'இன்று நேற்று நாளை' படத்தில் மெஷின் இருந்ததே என்று இளவட்டங்கள் ஆரம்பித்தார்கள். அதுவும் 2015இல் வந்த படம்தான். புராணத்திலேயே இதெல்லாம் இருக்கிறது என்று ஒருவர் எழுந்தார். எங்கள் கூட்டத்தில் எதைப் பேசினாலும் அவர் அதைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்க போயி என்ன பண்ணுனாலும் எதுவும் மாறாதுங்க" என்றாள்.

"அப்ப எதுக்குங்க போறது? காபிக்காசு தெண்டமுங்க" என்றார் மஞ்சள்காரர். எல்லாரும் சிரித்தோம். ஆனால் நிலமும் விலையும் அதோடு பேச்சிலிருந்து போய்விட்டன. லாபம் இல்லை என்று ஆன பிறகு யாரைப் பார்க்க, எதைக் கேட்க அந்த நாற்காலி வேண்டும் என்பதுதானே மிச்சம்? அதுவரை வாயே திறக்காத ஒரு அம்மா அப்போதுதான் பேசினார். அவருடைய அப்பா பிறந்த ஊர் பவானிசாகர் அணைக்குள் போய்விட்டது. 1948இல் வேலை தொடங்கி 1955இல் முடிந்த அணை அது. தண்ணீர் நன்றாக வற்றும்போது டணாய்க்கன்கோட்டைக் கோயில் வெளியே தெரியும், சனங்கள் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். கோயிலுக்காவது அந்தக் கொடுப்பினை இருக்கிறது. வீடுகளுக்கு ஏது?

"அணையக் கட்ட வேண்டாம்னெல்லாம் சொல்லப் போகலீங்க. கீழ்பவானி வாய்க்காத் தண்ணிலதான் எங்க பேரனுங்க வெவசாயம் பண்றாங்க. எங்கப்பாரு (தாத்தா) ஊட்டு வாசப்படி எந்தத் தெசையப் பாத்துதுன்னு கேட்டா எங்கப்பன் சொல்ல மாட்டாருங்க. அதத்தான் ஒருக்காப் பாத்துட்டு வரோணும்" என்றார்.

உடனே ஒருவர், நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாதே, அந்த ஊரில் காபிக்கடையே இருந்திருக்காதே என்று சட்டம் பேச ஆரம்பித்தார். "சட்டம் பேசறதுக்குத் தாலுக்காபீஸ் இருக்குதுங்க, அங்க போங்க" என்று அந்த அம்மா சொன்ன வேகத்தில் அவர் அடங்கிவிட்டார். காபியைப் பற்றியும் ஒரு சண்டை நடந்தது. ஆற்றிக் குடிக்கிற நம் வழக்கத்தோடு அங்கே போனால் பேச நேரமே மிஞ்சாது என்றார் பேக்கரி வைத்திருப்பவர். அது நியாயமான பேச்சு.

நாவலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவில்லை நாங்கள். எனக்கு அதில் குறைகள் உண்டு. சொன்ன நிபந்தனைகளையே ஒவ்வொரு கதையிலும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எல்லாம் ஒரே அறைக்குள் நடக்கிறது, மணி அடித்தால் ஆள் உள்ளே வருகிறார், நாடகத்தின் வாசனை போகவில்லை. இருக்கிற நான்கு கதைகளில் கடைசி, நோயாளித் தாய் ஒருத்தி வருங்காலத்துக்குப் போய்த் தன் மகளைப் பார்க்கிறது, நம்மை அழ வைத்தே தீருவது என்று எழுதியது. ஆனால் இரண்டாவது கதைக்காக மற்றதை எல்லாம் மன்னிக்கலாம். ஞாபகம் அழிகிற நோய் கணவனுக்கு, மனைவியையே அடையாளம் தெரியவில்லை. அவளோ நர்ஸ். கட்டினவனிடம் வெளியாள் போல நடந்துகொண்டு அவனைப் பார்த்துக்கொள்கிறாள். நோய் முற்றுவதற்கு முன்பே அவன் அவளுக்கு ஒரு கடிதம் எழுதி, கொடுக்காமல் வைத்திருக்கிறான். அதை வாங்கத்தான் அவள் போகிறாள். நர்ஸாக இரக்கப்பட்டு என்னோடு இருக்க வேண்டாம், மனைவியாக முடியவில்லை என்றால் விட்டுப் போய்விடு என்று அதில் எழுதியிருக்கிறான். திரும்பி வந்தால் அவனுக்கு நோய் அப்படியேதான் இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கும் புருஷனுக்கும் பணிவிடை செய்கிற பெண்கள் எங்கள் வட்டத்திலேயே இருக்கிறார்கள். அந்தக் கதையைப் பற்றி அவர்கள் பேசியதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. பேசினார்கள் என்பதை மட்டும் அன்பருக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

மண்ணின் நாவல் என்று அவர் ஆர்.சண்முகசுந்தரத்தின் 'நாகம்மா'ளைச் சொல்லியிருந்தார். 1942இல் வந்த அந்த நாவலை நாங்கள் படிக்காமல் இல்லை. வங்காள நாவலான 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அதே சண்முகசுந்தரம்தான். கொங்குப் பேச்சை நாவலில் ஏற்றியவருக்கு அயலூர்க் கதை ஆகாது என்று தோன்றவில்லை. அதைவிட, அன்றைக்கு எங்கள் கூட்டம் கடைசியில் போய் நின்றதே நாகம்மாளிடம்தான். விதவை, கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள், அவள் பக்கம் நிற்கிற கெட்டியப்பன் செய்த காரியத்தில் கொழுந்தன் சின்னப்பன் செத்துப்போகிறான். இந்த நாற்காலி நாகம்மாளுக்குக் கிடைத்தால்? அவள் போனாலும் சின்னப்பன் சாகத்தான் போகிறான், அதுதான் நிபந்தனை. "போயி மன்னிப்புக் கேப்பா" என்றார்கள் ஆம்பளைகள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பாகப் பிரிவினைப் பத்திரங்களோடும் பட்டா நகல்களோடும் கடன் கேட்டு வந்த பெண்களைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தவள் நான். நாகம்மாள் அந்தக் கெட்டியப்பனை வாசலோடு நிறுத்திவிட்டு, பங்கை மறுபடியும் கேட்டுவிட்டுத்தான் வருவாள். பங்கு கேட்டது தப்பே இல்லை. இதில் எனக்கும் மஞ்சள்காரருக்கும் இன்னும் தீரவில்லை. அவர் மறுபடி 'நாகம்மா'ளை எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறார், என்னைத் தோற்கடிக்கத்தான்.

பொதுப்பணத்தில் இதெல்லாம் தேவையா என்றும் அன்பர் கேட்டிருந்தார். 1948இலேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி நாங்களும் கட்டுகிறோம். கூட்டத்துக்கு ஆகிற டீயும் தேங்காய் பன்னும் எங்கள் கைக்காசு.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். நூலக வாசகர் வட்ட அறிவிப்புகளுக்கு 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் இரண்டு வரி இடம் கொடுங்கள். கும்பாபிஷேகச் செய்திகளுக்கு நடுவில் போட்டாலும் சரி. அன்பர் எங்கள் அடுத்த கூட்டத்துக்கு அவசியம் வர வேண்டும். திருப்பூரிலிருந்து குன்னத்தூர் வழியாக பஸ் இருக்கிறது. வரும்போது 'நாகம்மா'ளையும் ஒருமுறை புரட்டிவிட்டு வந்தால் மஞ்சள்காரருக்கு ஆள் பலம் கூடும். நானும் அதற்குத் தயாராகத்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
கோபிசெட்டிபாளையம்.