சதுக்கங்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள்: சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுச் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். நீங்கள் தரும் பயண நிரல்களில் அரண்மனைக்கு இரண்டு மணி நேரம், அருங்காட்சியகத்துக்கு மூன்று மணி நேரம் என்று தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கும். நகரின் நடுவிலுள்ள சதுக்கத்துக்கோ ‘பேருந்திலிருந்தபடியே பார்த்தல்’ அல்லது ‘படம் எடுக்கப் பத்து நிமிடம்’ என்பதற்கு மேல் எதுவும் இராது. நுழைவுச்சீட்டு இல்லாத இடத்துக்கு நிரலிலும் மதிப்பில்லாமல் போய்விடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு நகரம் தன் மன்னர்களையும் சண்டைகளையும் துக்கங்களையும் வெட்டவெளியில் வைத்திருக்கும் இடம் அதுதான் என்பதால், இந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ளுமாறு கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

பாரிசின் கான்கார்ட் சதுக்கத்தைப் பாருங்கள். நடுவில் நிற்கும், ஏறத்தாழ 23 மீட்டர் உயரமுள்ள எகிப்தியக் கல்தூண் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது என்று சொல்லிவிட்டு வழிகாட்டிகள் பேருந்துக்கு அழைத்துவிடுகிறார்கள். முதலில் அந்தச் சதுக்கத்தில் இருந்தது பதினைந்தாம் லூயி மன்னனின் குதிரைச் சிலை. புரட்சியின்போது 1792இல் அது வீழ்த்தப்பட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அவனுடைய பேரன் பதினாறாம் லூயியின் தலை அதே சதுக்கத்தில் கில்லட்டினுக்கு இரையானது. அதன் பிறகு அங்கே எந்த மன்னனின் உருவத்தை வைத்தாலும் பழைய பகை கிளறப்படும் என்ற நிலையில், பிரான்சின் அரசியலோடு ஒட்டும் உறவும் இல்லாத இந்தத் தூண், எகிப்தின் லக்சரிலிருந்து வந்தது, 1836இல் நிறுத்தப்பட்டது. அதை எந்தப் பொறிகளைக் கொண்டு தூக்கி நிறுத்தினார்கள் என்பது பீடத்திலேயே பொன்னிறக் கோட்டோவியங்களாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. தூணைப் படம் எடுக்கப் பத்து நிமிடம் போதும். பீடத்தைச் சுற்றிவந்து பார்க்கப் போதாது.

சிலை யாருடையது என்று சொல்வதோடு உங்கள் வழிகாட்டிகள் நின்றுவிடக் கூடாது. எப்போது வைக்கப்பட்டது, எப்படித் தப்பியது அல்லது ஏன் விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அடிமை வணிகத்தில் ஈடுபட்ட எட்வர்ட் கோல்ஸ்டன் 1721இல் இறந்தார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம் அவருக்குச் சிலை வைத்ததோ 1895இல். எனவே அந்தச் சிலை அவருடைய காலத்தைவிட, அவரை வள்ளலாக நினைவுகூர விரும்பிய பிற்காலத்தையே அதிகம் காட்டியது. 2020 ஜூனில் மக்கள் அதைக் கவிழ்த்துத் துறைமுக நீரில் தள்ளினார்கள். மீட்கப்பட்ட சிலை பின்னர் அதன் மேலிருந்த வண்ணக் கறைகளோடேயே அருங்காட்சியகத்தில் கிடத்தி வைக்கப்பட்டது. ரோமின் கேப்பிட்டோலின் குன்றில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் ரோமானியப் பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸ் கதை வேறு: கிறித்தவத்தை ஆதரித்த பேரரசர் கான்ஸ்டன்டைன் என்று இடைக்காலத்தில் தவறாகக் கருதப்பட்டதால் அந்த வெண்கலம் உருக்கப்படாமல் தப்பியது. இன்று சதுக்கத்தில் நிற்பது நகல், மூலச்சிலை பக்கத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பதையாவது பயணிகளிடம் சொல்லுங்கள்.

ஈரானின் இஸ்ஃபஹானில் ஷா அப்பாஸ் அமைத்த நக்‌ஷ்-இ-ஜஹான் சதுக்கம் ஏறத்தாழ 560 மீட்டர் நீளமும் 160 மீட்டர் அகலமும் கொண்டது. ஒரு மூலையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவதற்கான இடமன்று. அங்கே போலோ ஆடிய காலத்துக் கல் இலக்குக் கம்பங்கள் இன்னும் இருக்கின்றன. தென்முனையிலுள்ள பெரிய மசூதியின் வாயில் சதுக்கத்தை நேராக நோக்க, அதன் பின்னுள்ள தொழுகைக் கூடம் மெக்காவின் திசைக்கேற்ப ஒருபுறமாகத் திரும்பியிருக்கிறது. அந்தத் திருப்பத்தைத் தூரத்திலிருந்து நடந்துவந்து உள்ளே நுழையும்போதுதான் உடல் உணர்கிறது. நேரத்தின் அளவைப் போலவே வேளையும் முக்கியம்: மொராக்கோவின் மராக்கேஷ் நகரிலுள்ள ஜமா எல் ஃப்னா சதுக்கத்துக்குக் காலையில் கூட்டிப்போவதும் கூட்டிப்போகாததும் ஒன்றே, ஏனெனில் அது நிறைவது மாலைக்குப் பிறகுதான்.

கோபன்ஹேகனின் கடற்கன்னிச் சிலை சுமார் 1.25 மீட்டர் உயரமே உள்ளது. அதைக் கண்டு ‘இவ்வளவுதானா?’ என்று முகம் சுளிக்கும் பயணிகளைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் விளம்பரத் தாள்களில் அது மாடி உயரத்துக்கு நிற்கிறது. மாறாக, பெர்லினின் பேபல் சதுக்கத்தில் நிமிர்ந்து பார்க்க எதுவுமே இல்லை. நாஜி மாணவர்கள் 1933 மே 10ஆம் நாள் நூல்களை எரித்த அந்த இடத்தில், தரையில் பதித்த கண்ணாடிக்குக் கீழே சுமார் 20,000 நூல்கள் கொள்ளக்கூடிய வெற்று அலமாரிகளைச் சிற்பி மிகா உல்மன் 1995இல் அமைத்தார். குனிந்து பார்க்கச் சொல்ல ஆளில்லாவிட்டால் பயணிகள் அதன்மேலேயே நடந்து கடந்துவிடுவார்கள்.

எனவே, நகருக்கு ஒரு சதுக்கத்துக்கேனும் ஒன்றரை மணி நேரத்தை நிரலில் எழுத்தில் குறியுங்கள். அதற்குரிய வேளையைப் பேருந்தின் வசதிக்காக அல்லாமல் அந்த இடத்தின் இயல்பை வைத்து முடிவு செய்யுங்கள். அந்த ஊர் வரலாறு அறிந்த உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துங்கள். அதற்கான செலவைப் பயணக் கட்டணத்தில் சேர்த்தால் நான் மறுக்க மாட்டேன். நேரம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்களானால், நினைவுப்பொருள் கடைகளில் நீங்கள் கட்டாயமாக நிறுத்தும் நேரத்தில் பாதியே போதும்.

இப்படிக்கு,
உங்கள் பயணிகளில் ஒருவர்