திறக்காத கோப்புகள்: உடைக்கும் முன் காரணத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சம்பா பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு நடக்கும் நாட்களில், சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்குப் புத்தகம் எல்லாம் கையில் இருந்தும், கைபேசியில் இறக்கி வைத்திருந்த ஆதார் கோப்பு பாஸ்வேர்டை ஏற்காத ஒரே காரணத்தால் இ-சேவை மையங்களிலிருந்து விவசாயிகள் திரும்பிப் போவதை மன்னார்குடி, நீடாமங்கலம் பகுதிகளில் காண முடிகிறது. அவர்களுடைய பிள்ளைகள் அடுத்துத் தேடிப் போவது, எந்தப் பாஸ்வேர்டையும் உடைத்துத் தருவதாகச் சொல்லும் இணையதளங்களை. இப்பகுதியில் கணினிப் பணியில் நெடுநாளாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: என்னிடம் வந்த கோப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு உடைக்கும் வேலையே தேவைப்படவில்லை. ஏன் திறக்கவில்லை என்று பொறுமையாகப் பார்த்ததே போதுமானதாக இருந்தது.

முதலில் ஆதார். இணையத்தில் இறக்கும் ஆதார் கோப்பின் கடவுச்சொல், ஆங்கிலத்தில் பதிவாகியுள்ள பெயரின் முதல் நான்கு எழுத்துகள் பெரிய எழுத்தில், அதைத் தொடர்ந்து பிறந்த ஆண்டின் நான்கு இலக்கங்கள். கேட்க எளிதாக இருந்தாலும் நம் ஊர்ப் பெயர்களில் முன்னெழுத்து இருப்பதால் இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பி. குமார் என்று பதிவாகியிருந்தால் அந்தப் புள்ளியும் ஓர் எழுத்தாகவே கணக்கிடப்படும். ஆகவே பி, புள்ளி, கே, யு என நான்கும் முடிந்துவிடும். இடைவெளி கணக்கில் வராது. பெயரே மூன்றெழுத்து என்றால் அந்த மூன்றோடு ஆண்டைச் சேர்த்தால் போதும். பெயரையோ பிறந்த ஆண்டையோ பின்னர் திருத்தியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: திருத்தத்துக்கு முன் இறக்கிய கோப்பு பழைய விவரத்துக்குத்தான் திறக்கும், புதிய விவரம் அதற்குத் தெரியாது. இதில் ஐயம் வந்தால் பழையதோடு மல்லுக்கட்டாமல் புதிதாக ஒரு பிரதியை இறக்கிக்கொள்வதே நல்லது.

வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கைக்கு நேர்மாறான முறை. அங்கே பான் எண்ணை முழுவதுமாக, அதன் ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தில் தர வேண்டும். அதோடு நாள், மாதம், ஆண்டு என எட்டு இலக்கங்களில் பிறந்த தேதி. ஒன்றில் பெரிய எழுத்து, மற்றொன்றில் சிறிய எழுத்து என்றிருப்பதை ஒரே மாலையில் இரண்டையும் திறக்க வேண்டிய ஒரு முதியவர் எப்படி நினைவில் வைத்திருப்பார்? வாட்ஸ்அப்பில் வந்த கடவுச்சொல்லை நகலெடுத்து ஒட்டுபவர்களுக்கு, கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி மற்றொரு தடை. அதைக் கையால் தட்டச்சு செய்தால் கோப்பு திறந்துவிடும்.

தமிழில் கடவுச்சொல் வைத்தவர்களின் சிக்கல் தனியானது. இதைப் பற்றி எவரும் பேசிக் கேட்டதில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்துகளே. அக்காலத்தில் பாமினி விசைப்பலகைப் பழக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல்லை அடித்துப் பூட்டிய கணக்குக் கோப்பு, இன்று அதே சொல்லை, தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியீடு தரும் யூனிகோடில் அடித்தால் திறக்காது. கணினியை ஆங்கில நிலைக்கு மாற்றி, அன்று அழுத்திய அதே விசைகளை அதே வரிசையில் அழுத்திப் பார்க்க வேண்டும். யூனிகோடிலும் ஒரு நுட்பம் உண்டு. 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான் என்றாலும் பூட்டுக்கு வெவ்வேறாக இருக்கக்கூடும். கூட்டுறவுச் சங்கங்களிலும் அரிசி ஆலைகளிலும் பழைய கணக்குகளைப் பொறுப்பேற்பவர்கள், முன்பிருந்தவர் எந்த எழுத்துரு பயன்படுத்தினார் என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் திறக்காதவை உண்டு. ஏஇஎஸ் என்னும் வலுவான பூட்டு முறையில் பூட்டிய ஜிப் (சுருக்கிக் கட்டிய) கோப்பை விண்டோஸ் 10 தன் சொந்தக் கருவியால் திறக்காது. இலவசமாகக் கிடைக்கும் செவன்-ஜிப் திறந்துவிடும். பழைய பிடிஎஃப் செயலிகள் புதிய வகைப் பூட்டை அறியா. பாதியில் நின்ற பதிவிறக்கம் என்றால் மீண்டும் இறக்குவதைத் தவிர வழியில்லை. எதைச் செய்யும் முன்னும் மூலக் கோப்பின் பிரதி ஒன்றைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

உண்மையாகவே கடவுச்சொல் மறந்துவிட்டால் என்ன செய்வது? எக்ஸெல் கோப்பு திறந்தும் கட்டங்களைத் திருத்த மட்டும் முடியவில்லை என்றால் அது பெரும்பாலும் தாளுக்கான காப்பு மட்டுமே, தேர்ந்தவர் நீக்கிவிடுவார். 2003 பதிப்பு வரையிலான எக்ஸெல் கோப்புகளின் 40 பிட் பூட்டும் வலுவற்றது. ஆனால் 2007 பதிப்பு முதல் ஏஇஎஸ் முறையில் பூட்டப்படும் கோப்பைத் திறக்க, ஒவ்வொரு சொல்லாக ஊகித்துப் பார்ப்பதன்றி வேறு வழி இல்லை. நீளமான கடவுச்சொல் என்றால் அதுவும் பலிக்காது. டேலி கணக்கு மென்பொருளில் கணக்குகளைப் பூட்டும் வால்ட் கடவுச்சொல்லை இழந்தவர்களின் நிலையும் அதுதான். இதைத் தெரிந்தே 'நிச்சயம் திறந்து தருகிறோம்' என்று முன்பணம் வாங்குவது ஏமாற்று. அதைவிடக் கேடு, ஆதாரும் நிலப் பத்திரமும் அடங்கிய கோப்பை முகம் தெரியாத இணையதளத்தில் ஏற்றுவது. அங்கே கோப்பு திறந்தால், அதன் உள்ளடக்கம் நம்மை மீறி அவர்கள் கைக்கும் போய்விடும்.

எனவே என் வேண்டுகோள் இது. பூட்டிய கோப்பை மக்களுக்கு அனுப்பும் துறைகளும் வங்கிகளும், கடவுச்சொல்லை அமைக்கும் முறையை அந்தச் செய்தியிலேயே தமிழில், முன்னெழுத்துள்ள பெயருக்கான எடுத்துக்காட்டுடன் தர வேண்டும். மாவட்ட நிர்வாகம் அதையே பெரிய எழுத்தில் அச்சிட்டு, அடுத்த காப்பீட்டுப் பதிவு தொடங்குமுன் ஒவ்வோர் இ-சேவை மையத்திலும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் ஒட்டச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மன்னார்குடி.