ஈசாய் என்ன மரம்?

அன்புள்ள தாசு,

ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பேத்தி பத்தாம் வகுப்பு என்பதால் வீட்டில் டிவி கூடாது என்று மருமகள் சட்டம் போட்டிருக்கிறாள். செய்தி கேட்கக்கூட டீக்கடைக்குத்தான் போகிறேன். நலம் விசாரிப்பு முடிந்தது.

மே மாதம் உன் வீட்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுகிறேன்" என்று சொன்னேன். இப்போது டிசம்பர். எத்தனையோ தடவை போனை எடுத்து உன் பெயர் வரைக்கும் போயிருக்கிறேன். நீ "ம்" என்பாய், நானும் "ம்" என்பேன், இதற்கு ஒரு போனா என்று வைத்துவிடுவேன். சாக்குதான், தெரியும். திட்டு. ஆனால் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு, எனக்கு உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. காட்டிலாகா காரியம்.

போன ஞாயிறு எங்கள் சபை ஐயருக்குக் காய்ச்சல். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு உபதேசியார் வந்து, "சார், நாளைக்குப் பிரசங்கம் நீங்கதான். ஏசாயா 11" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டார். எனக்கும் உள்ளூர ஆசைதான். தமிழ் வாத்தியாருக்கு உவமை கிடைத்தால் போதாதா? ஏசாயா தீர்க்கதரிசியின் "ஈசாயென்னும் அடிமரத்திலிருந்து ஒரு துளிர் தோன்றி" என்ற வசனத்தில் ஆரம்பித்து, வாழையடி வாழையாக வந்த தாவீது ராஜாவின் வம்சம் என்று இருபத்தைந்து நிமிஷம் முழங்கினேன். நம் குட்டி வாத்தியார் இருந்திருந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பார். அது எப்போது நடக்கும் என்று உனக்குத்தான் தெரியுமே.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் பனையேறி அண்ணாச்சி நிற்கிறார். ஏறுவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது, ஆனாலும் நெஞ்சில் அந்தக் காய்ப்பு இன்னும் கறுப்பாக அப்படியே இருக்கிறது.

"சார், ஒரு சந்தேகம். ஈசாய்ங்கிறது என்ன மரம்?"

நான் சிரித்துவிட்டேன். "மரம் இல்ல அண்ணாச்சி, அது தாவீதோட அப்பா பேரு."

"அது தெரியாமலா எழுவது வருசமா கோயிலுக்கு வாரேன்? வெட்டின மரம் தளிர்க்கும்னு போட்டிருக்கே, அது எந்தச் சாதி மரம்னு கேட்டேன். பனைன்னா தளிராது. தென்னையும் தளிராது. கொண்டை போச்சுன்னா சோலி முடிஞ்சது. நீங்க வாழைன்னு வேற சொன்னீய. வாழைக்கு வெட்டுறதுக்கு முந்தியே பக்கக்கன்னு வந்துருமே, அதுல என்ன அதிசயம் இருக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்று மத்தியானம் கறிச்சோறு, இறங்கவில்லை. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வாழையடி வாழை என்பது தடங்கல் இல்லாமல் வருகிற வம்சத்துக்குச் சொல்லுகிற பேச்சு. ஏசாயா சொல்வது அதற்கு நேர் எதிர். கோடரி விழுந்துவிட்டது, மரம் இல்லை, தரையோடு தரையாக ஒரு கட்டை கிடக்கிறது, அதிலிருந்துதான் என்கிறார். நான் இருபத்தைந்து நிமிஷமும் கோடரியை மறைத்துவிட்டுப் பேசியிருக்கிறேன்.

அன்றைக்கே ஏசாயாவை ஆறாம் அதிகாரத்திலிருந்து எடுத்து வைத்து உட்கார்ந்தேன். அண்ணாச்சி கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கிறது, தாசு! ஆறாம் அதிகாரம் கடைசி வசனம்: கர்வாலிமரமும் அரசமரமும் இலையற்றுப்போனபின்பும் அடிமரம் இருப்பதுபோல, ஜனத்தின் அடிமரம் பரிசுத்த வித்தாயிருக்கும். யூதேயாவில் அரசமரம் எப்படி வந்தது என்று நீ கேட்பாய். மொழிபெயர்த்த பெரியவர்களுக்கு நம் ஊர்க்காரனுக்கு ஏதாவது ஒரு பெரிய மரத்தைக் காட்ட வேண்டியிருந்திருக்கும். பிள்ளையாரை மட்டும் எடுத்துவிட்டு மரத்தை நட்டுவிட்டார்கள். எபிரெயத்தில் உள்ளவை ஏலா, அல்லோன். ஏலா என்பது நம் கடையில் விற்கிற பிஸ்தாவுக்குச் சொந்தக்கார மரம். தாவீது கோலியாத்தை அடித்த ஏலா பள்ளத்தாக்குக்கு அதன் பெயர்தான். அல்லோன் என்பது ஓக். இரண்டும் அந்த மலைகளில் விறகுக்கும் கரிக்கும் வெட்டு வாங்கி, ஆடு கடித்து, திரும்பத் திரும்பக் கட்டையிலிருந்து புதராகக் கிளம்புகிற மரங்கள். நீங்கள் ஆபீசில் 'காப்பிஸ்' என்பீர்களே, அதே சங்கதி.

இப்போது பதினோராம் அதிகாரத்துக்கு முன்னால் பார். பத்தாம் அதிகாரம் முடிவதும் மரம் வெட்டில்தான். அசீரியாவைக் காடாக்கி, அந்தக் காட்டை இரும்பால் வெட்டி, லீபனோன் விழும் என்று முடிக்கிறார். அதிகாரம் பிரித்ததெல்லாம் பல நூற்றாண்டு கழித்து யாரோ செய்த வேலை. அந்தக் கோட்டை எடுத்துவிட்டால் ஒரே மூச்சில் இரண்டு மரம் விழுகிறது. லீபனோன் என்றால் கேதுரு. கேதுரு ஊசியிலை மரம். கொடைக்கானலில் நீ என்னை மரம் வெட்டுகிற கூப்புக்கு அழைத்துப் போனது ஞாபகம் இருக்கிறதா? இந்தப் பக்கம் தைலமரக் கட்டைகளைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு நீலம் பூத்த தளிர். அந்தப் பக்கம் பைன் கட்டைகள், வெட்டுவாயில் பிசின் வடிந்து உறைந்து, மொட்டை மொட்டையாக. "இது போனால் போனதுதான், நாற்றுதான் வைக்கணும்" என்று பூட்ஸ் காலால் தட்டிக் காட்டினாய். நான் அப்போது எங்கே டீ கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக, ஏசாயா இரண்டு சாதி மரத்தை அடுத்தடுத்து வீழ்த்துகிறார். ஒன்று தளிர்க்கிற சாதி, ஒன்று தளிர்க்காத சாதி. எசேக்கியேல் தீர்க்கதரிசியும் தன் புஸ்தகத்தின் 17ஆம் அதிகாரத்தில் கேதுருவைப் பற்றிப் பேசுகிறார், ஆனால் அடிமரம் தளிர்க்கும் என்று சொல்லவே இல்லை. நுனியிலிருந்து கொழுந்தைக் கிள்ளி மலைமேல் நடுவதாகத்தான் சொல்கிறார். ஆடு மேய்க்கிற ஊர்க்காரர்கள், மரம் தெரிந்தவர்கள். நமக்குத்தான் கிளை என்றாலே கேக் மேல் வைக்கிற அலங்காரம்.

அந்தக் கேதுருக் காடு சும்மா இல்லை. கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவுக்குள் வந்து 46 கோட்டை நகரங்களைப் பிடித்தேன், யூதா ராஜா எசேக்கியாவைக் கூண்டுக்கிளி மாதிரி எருசலேமுக்குள் அடைத்தேன் என்று எழுதி வைத்தான். லாகீசைப் பிடித்ததைத் தன் அரண்மனைச் சுவரில் செதுக்கியும் வைத்தான். அந்தக் கற்கள் இப்போது லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில். கி.மு. 612இல் அவர்கள் தலைநகர் நினிவே விழுந்தது. அதோடு சரி. பைன் கட்டை.

அடுத்ததுதான் என்னை ராத்திரி தூங்கவிடாமல் பண்ணியது. ஏன் ஈசாய்? 'தாவீதின் அடிமரம்' என்றல்லவா இருக்க வேண்டும்? ராஜா அவன்தானே. ஏசாயா பேசின காலத்தில் தாவீதின் வம்சம் சிம்மாசனத்தில்தான் உட்கார்ந்திருந்தது, ஆகாசும் எசேக்கியாவும். நிற்கிற மரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு கட்டையைப் பற்றிப் பேசுகிறான் மனுஷன்! அதுவும் எந்தப் பெயரை எடுக்கிறான்? தாவீதுக்கு முந்தின ராஜா சவுலுக்குக் கோபம் வந்தால் தாவீதைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான், "ஈசாயின் மகன்" என்பான். பிற்பாடு இஸ்ரவேலின் பத்துக் கோத்திரம் பிரிந்துபோனபோது, ஈசாயின் குமாரனிடத்தில் நமக்குச் சுதந்தரம் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அது மட்டம்தட்டுகிற பெயர். பெத்லெகேமில் எட்டுப் பிள்ளைகளையும் நாலு ஆட்டையும் வைத்திருந்த ஒரு கிழவன் பெயர். வெட்டு அரண்மனை மட்டத்தில் நிற்காது, ஆட்டுப்பட்டி மட்டத்துக்குப் போகும், துளிரும் அங்கிருந்துதான் என்று அர்த்தம். இதை நான் பிரசங்கத்தில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியது இது ஒன்றுதான்.

வெட்டும் விழுந்தது. கி.மு. 586. பாபிலோன்காரர்கள் எருசலேமைப் பிடித்து, யூதாவின் கடைசி ராஜா சிதேக்கியாவின் கண் முன்னாலேயே பிள்ளைகளைக் கொன்றுவிட்டு, அப்புறம் அவன் கண்களைக் குருடாக்கினார்கள். அவன் கடைசியாகப் பார்த்தது அது. அவனுக்கு முந்தின ராஜா யோயாக்கீன் பதினெட்டு வயதில், ஆண்டது மூன்றே மாதம், பாபிலோனுக்குக் கைதியாகப் போய் 37 வருஷம். இவனைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கேள். பாபிலோனைத் தோண்டின ஜெர்மன்காரர்களுக்குக் களிமண் பலகைகள் கிடைத்தன, 1939இல் படித்து வெளியிட்டார்கள். ராஜ்ய சரித்திரம் ஒன்றுமில்லை, அரண்மனை எண்ணெய்க் கணக்கு. யார் யாருக்கு எவ்வளவு அளந்தது என்ற பட்டியல். அதில் யூதா தேசத்து ராஜா யோயாக்கீனுக்கு இவ்வளவு, அவன் குமாரர் ஐந்து பேருக்கு இவ்வளவு என்று இருக்கிறது. தாவீதின் வம்சம் ரேஷனில் நிற்கிறது, தாசு. அடிமரம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் இனிமேல் அந்த எண்ணெய்ப் பலகையைத்தான் காட்டுவேன்.

அந்தக் கைதியின் பேரன்தான் செருபாபேல். பாபிலோனின் வித்து என்று பெயர். அவன் எருசலேமுக்குத் திரும்பி வந்த காலத்தில்தான் சகரியா தீர்க்கதரிசி "கிளை" என்று ஒருவரைப் பேசுகிறார். மூலத்தில் அது கிளையே இல்லை, த்செமாக், தரையைப் பிளந்துகொண்டு வருகிற முளை. இவன்தான் அவரோ என்று அப்போதே ஆசைப்பட்டிருப்பார்கள். செருபாபேலோ ஆலயத்தைக் கட்டத் தொடங்கிவிட்டு எழுத்திலிருந்தே காணாமல் போய்விடுகிறான். அப்புறம் ஐந்நூறு வருஷம். யூதர்கள் இன்றைக்கும் தினசரி ஜெபத்தில் தாவீதின் முளையைச் சீக்கிரம் துளிர்க்கப்பண்ணும் என்றுதான் கேட்கிறார்கள். நமக்கு அது பெத்லெகேம் முன்னணையில் வந்தாயிற்று. அவர்கள் இன்னும் கட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடியிருக்கிறது; நான் பில் கட்டி முடித்த கணக்கு மாதிரி படபடவென்று வாசித்துவிட்டு இறங்கிவிட்டேனே. நாசரேத்து என்ற பெயரே, ஏசாயாவின் அந்த வசனத்தில் துளிருக்கு அடுத்து வருகிற 'கிளை'க்கான எபிரெயச் சொல்லிலிருந்து வந்தது என்று சிலர் சொல்வார்கள். முழுக்க ஒப்பவும் இல்லை, விட மனசும் இல்லை.

சரி. இவ்வளவு தூரம் சுற்றினதற்குக் காரணம் இருக்கிறது.

ஏசாயா 11இல் அடிமரத்துக்கு இருக்கிற எபிரெயச் சொல் பழைய ஏற்பாடு முழுக்க மூன்றே இடத்தில்தான் வருகிறது. ஏசாயாவில் இரண்டு, 11லும் 40லும் (ஆறாம் அதிகாரத்தில் இருப்பது வேறு சொல்). மூன்றாவது யோபு 14. ஒரு மரத்தைக் குறித்தாவது நம்பிக்கையுண்டு, அடிக்கட்டை மண்ணிலே செத்தாலும் தண்ணீரின் வாசனையினால் அது துளிர்க்கும் என்கிறாரே, அங்கே. தண்ணீரின் வாசனை! தண்ணீர்கூட வேண்டாமாம்.

மதினி அடக்கத்தில் உங்கள் ஐயர் வாசித்தது அதே அதிகாரத்தின் முதல் வசனம், ஸ்திரீயினிடத்தில் பிறந்த மனுஷன். எனக்கு அது மனப்பாடம், அதுதான் வினை. மண் விழுகிற சத்தத்துக்கு நடுவே நான் மனசுக்குள் ஓடினேன், ஏழு, எட்டு, ஒன்பது என்று மரம் துளிர்க்கிறவரைக்கும் போய், பத்தாம் வசனத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். மரத்துக்கு உண்டு, மனுஷனோவென்றால், அவன் எங்கே என்று யோபு கேட்கிற இடம். உன் பக்கத்தில்தான் நின்றேன், உன் சட்டைக் கையில் மண் ஒட்டியிருந்தது, அதைக்கூடத் தட்டிவிடவில்லை. அந்தக் கேள்வியோடுதான் ஊருக்கு வந்தேன். போனில் அதைக் கேட்கவா முடியும்?

யோபு மனுஷனுக்கு இல்லை என்று சொன்ன அந்த மரத்துக் காரியத்தை, அதே சொல்லை எடுத்து, ஏசாயா ஒரு மனுஷன் பெயர்மேல் வைத்துவிட்டார். ஈசாயென்னும் அடிமரம். அண்ணாச்சி கேட்டிராவிட்டால் எனக்கு இது கண்ணில் பட்டிருக்காது. இதனால் பத்தாம் வசனம் அழிந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. வம்சம் வேறு, மதினி வேறு. தட்டில் முந்திரிக்கொத்தை வைத்துவிட்டு "உங்க கூட்டாளிக்கு ரெண்டு போதும், சர்க்கரை" என்று சொல்லிவிட்டு எனக்கு நாலு வைக்கிற ஆள் ஒருத்திதான். உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

உன் மகள் பேசினாள். நீ வாசல் பக்கமே வருவதில்லையாம், பேப்பரைக்கூடப் பிரிப்பதில்லையாம். 23ஆம் தேதி கிளம்பி இங்கே வந்துவிடு. இந்த வருஷம் முந்திரிக்கொத்துக்கு உருண்டை பிடிக்க ஆள் இல்லை, வீட்டுக்காரிக்குக் கை நடுங்குகிறது. உனக்கு உருட்ட வராது என்று தெரியும், பாகு கலக்கு.

அண்ணாச்சி விடுவதாக இல்லை. நேற்றும் டீக்கடையில் பிடித்துக்கொண்டார். "கேதுரு தளிராதுன்னு சொன்னீயளே, அது பைபிள்ல போட்டிருக்கா, காட்டு ஆபீசர் சொன்னாரா, நீங்களா சொன்னீயளா?" என்று கேட்டார். காட்டு ஆபீசரே வருகிறார், நேரில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

உன்,
செல்லையா